கொசு ஒழிப்புப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

பொதுக்குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள், சந்தா வசூல், தெருவிளக்குப் பராமரிப்பு எல்லாம் வழக்கம்போல் நடந்தன. விவரம் இணைப்பில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதி கொசு ஒழிப்பிலேயே போனது. அதில் அதிகம் வந்த புகார்: “டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டினோம். திரும்ப நிரப்பியதும் புழு வந்துவிட்டதே?”

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத கறுப்புப் புள்ளிகள். தூசி என்றே தோன்றும். காய்ந்து கிடந்தாலும் பல மாதம் சாகாது. தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறியதும் பொரியும். கொட்டினால் புழுதான் போகும், முட்டை போகாது. விளிம்புவரை உட்சுவரை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். கழுவிய நீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், சாக்கடையில் விடாதீர்கள்.

இதை வாரம் ஒருமுறை செய்யச் சொல்வதற்கும் கணக்கு உண்டு. வெப்பமான நாட்களில் புழு நான்கு முறை தோலுரித்து, 5 முதல் 7 நாளில் கூட்டுப்புழுவாகிறது. அடுத்த இரண்டு நாளில் கொசு பறந்துவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை கழுவுவது கழுவாததற்குச் சமம்.

வாரந்தோறும் காலி செய்ய முடியாத தொட்டிக்கு மட்டும் மருந்து. டெமிபாஸ் என்ற புழுக்கொல்லியின் 1 சதவீதக் குருணை என்றால் 100 லிட்டருக்கு 10 கிராம். பாதித் தண்ணீர் இருந்தாலும் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கே அளவு. பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்து போட்டும் கொசு வந்ததாகச் சொன்னவர்கள் உண்டு. புழு தின்றால்தான் அது வேலை செய்யும். காற்புள்ளிபோல் வளைந்து துள்ளும் கூட்டுப்புழுவோ எதையும் தின்னாது. அதைக் கண்டால் மருந்தைத் தேடாமல் வடித்துக் கொட்டுங்கள்.

தொட்டியைச் சோதிப்பவர்கள் டார்ச் அடித்ததும் “ஒன்றுமில்லை” என்று எழுதிவிடுகிறார்கள். வெளிச்சமோ நிழலோ பட்டால் புழு அடிக்கு ஓடிவிடும். ஓரிரு நிமிடம் அசையாமல் நின்றால் மூச்சுவிட மேலே வரும். தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது யானைக்கால் நோய் பரப்பும் கியூலெக்ஸ். நீர்ப்பரப்பை ஒட்டிப் படுத்திருந்தால் மலேரியா பரப்பும் அனாபிலஸ் வகை.

குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் பூந்தொட்டித் தட்டையும் சோதனைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம். புகை அடிக்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருப்பதைத் தொடாது.

மருந்துச் செலவு உள்ளிட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் முன்வைப்பார்.