மழைக்குள் போடும் தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து மரைன் டிரைவுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருபது வருடமாகக் குடியிருக்கிறேன். அயலவர்கள் எல்லோரும் கையெழுத்து வைத்துக் கொடுத்து, அலைந்து திரிந்து, கடைசியில் எங்கள் ஒழுங்கைக்குத் தார்க் காபட் போடக் காசு ஒதுக்கினார்கள். ஆட்கள் வந்து இறங்கியது டிசம்பர் மூன்றாம் கிழமை. அன்று விடியற்காலையிலிருந்தே மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய வீதியில் தேங்கி நின்ற தண்ணீரை ஒரு பையன் தும்புத்தடியால் கானுக்குள் தள்ளிவிட, பின்னாலேயே ஆவி பறக்கப் பறக்கத் தார்க்கலவையைக் கொட்டி ரோலரை ஓட்டினார்கள்.

"தம்பி, மழை விட்டாப் பிறகு போடலாமே" என்று மேற்பார்வை செய்தவரிடம் கேட்டேன். "இந்த மாசத்துக்குள்ள பில் போடாட்டி காசு திரும்பிப் போயிடும் ஐயா" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

தைப்பொங்கலுக்கு முதலே கான் மூடிக்குப் பக்கத்தில் ஓரம் கிளம்பிவிட்டது. சித்திரைக்குள் அது கிடங்காகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மா அதில் கால் தடக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, ஆறு கிழமை கட்டோடு இருந்தார்.

அந்தத் தம்பி சொன்னது உண்மைதான். நமது அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31 உடன் முடிகிறது. அதற்குள் செலவழியாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். பாதீடு நிறைவேறி, நிதி விடுவித்து, மதிப்பீடு தயாரித்து, கேள்விப்பத்திரம் கோரி ஒப்பந்தக்காரரைத் தெரிவுசெய்வதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. 2025ஆம் ஆண்டுக்கான பாதீடு அந்த வருடம் பெப்ரவரி 17ஆம் திகதிதான் சமர்ப்பிக்கப்பட்டது. கொழும்பிலோ வீதி போடத் தோதான காய்ந்த நாட்கள் ஜனவரியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியோடு கொட்டும். ஈரத்தின் மேல் போட்ட தார் பிடிக்காது என்பது வீதி வேலை செய்யும் எவருக்கும் தெரியும்.

2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, மத்திய அதிவேக வீதியின் கடவத்தை - மீரிகம பகுதி போன்ற பெரிய வேலைகள் அந்தரத்தில் நின்றதைப் பார்த்தோம். அப்படிப்பட்ட நாட்டில் சின்ன ஒழுங்கைக்குக் கிடைக்கும் காசையும் மழைத் தண்ணீரில் விடலாமா?

மதிப்பீடு, கேள்விப்பத்திர வேலைகளை முந்திய வருடமே முடித்துவைத்தால் ஜனவரியில் தொடங்கிவிடலாம். சிறு வீதிகளுக்கு ஒதுக்கி மிஞ்சிய பணத்தை மார்ச் 31 வரை செலவழிக்கத் திறைசேரி வழிசெய்ய வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. வேலை முடிந்த பிறகும் பழுதுகளை ஒப்பந்தக்காரரே திருத்திக் கொடுக்க வேண்டிய காலம் ஒன்று ஒப்பந்தத்தில் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்துத்தான் எங்களுக்கு அது தெரியவந்தது. பதில் கைக்கு வந்தபோது அந்தக் காலம் முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. செலவுத் தொகையையும் அந்தக் காலம் முடியும் திகதியையும் ஒழுங்கை முகப்பில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். கிடங்கு விழுந்த அன்றே நாங்கள் போய்க் கேட்டுக்கொள்வோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06