ஏரிக்கரைப் பாதையைக் காத்தவர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏரியைச் சுற்றிச் செல்லும் நடைபயணப் பாதையைத் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதி பராமரித்துவந்த பூங்காக் காவலர் அண்மையில் காலமானார். அவர் நினைவாகப் பாதையின் தொடக்கத்தில் ஒரு கல்வெட்டு வைக்கப்படவிருப்பதை மனமார வரவேற்கிறேன். அவர் செய்த வேலை என்ன என்பதைக் கல்வெட்டின் இரண்டு வரிகளில் சொல்லிவிட முடியாது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே அவர் மண்வெட்டியுடன் கிளம்பிவிடுவார். தண்ணீர் எங்கே பாதைக்குள் இறங்குகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பாதையின் ஏரிப்பக்க விளிம்பைச் சற்றே தாழ்வாகச் சீவிவிட்டு, சரிவுகளில் சாய்வாகக் கற்களைப் பதித்து, நீர் வேகமெடுப்பதற்கு முன்பே அதைப் புதர்ப்பக்கம் திருப்பிவிடுவார். கால் நனையாமல் நடந்து போகிறவர்களுக்கு அங்கே ஒரு வேலை நடந்திருப்பதே தெரியாது.

பாதையில் சேறு நின்றால் எல்லோரும் ஓரமாக ஒதுங்கி நடக்கிறோம். ஓரத்துப் புல் மிதிபட்டு, வேரின் பிடிப்பு போய், கரை மண் தளர்ந்து ஏரிக்குள் சரிகிறது; அந்த மண்ணோடு சேரும் பாஸ்பரஸ் ஏரியில் பாசி பெருக வழிசெய்கிறது. ஆகவேதான் சேற்றை மிதித்தே நடக்கும்படி அவர் எல்லோரிடமும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

கூடுகட்டும் பருவத்தில் கரையோரப் பகுதி ஒன்றை மூடிவிடுவார். கோரைகளுக்கு நடுவே மிதக்கும் கூட்டில் முட்டையிடும் முக்குளிப்பான், ஆள் நெருங்கினால் நீர்ச்செடிகளை இழுத்துப் போட்டு முட்டைகளை மூடிவிட்டு முங்கிவிடும். நாம் அங்கேயே நின்றுகொண்டிருந்தால் அது திரும்பி வராது, முட்டைகளும் குளிர்ந்துபோகும். வழி மூடப்பட்டதென்று கோபத்துடன் வந்தவர்களின் கையில் அவர் தம் பைனாகுலரைக் கொடுத்து, தொலைவிலிருந்தே அந்தக் கூட்டைப் பார்க்கச் செய்ததை நான் கண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு யாரும் வாதாடியதில்லை.

அவர் இருந்த பணியிடம் இன்று காலியாக இருக்கிறது. வேறொரு பிரிவின் அலுவலரிடம் அது கூடுதல் பொறுப்பாகத் தரப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் 1880இல் காவலராக நியமிக்கப்பட்ட ஹாரி யவுண்ட், அத்தனை பெரிய பரப்பை ஒரே ஆளால் காக்க இயலாது, ஒரு சிறு காவல் படை வேண்டும் என்று அறிக்கை அளித்துவிட்டு மறு ஆண்டே விலகினார். ஒருவர் போதாது என்று அன்றே சொல்லியிருக்க, நம் பாதைக்கு அந்த ஒருவரும் இல்லாமல் போவது முறையன்று.

ஜூலை 31 உலக வனக்காவலர் தினம். கல்வெட்டு அன்று திறக்கப்படுமானால், அதற்குள் அந்தப் பணியிடமும் முழுநேரக் காவலர் ஒருவரால் நிரப்பப்பட வேண்டும். மறைந்தவர் ஆண்டுதோறும் எழுதிவந்த குறிப்பேடுகளை அந்தப் புதிய காவலரிடமே ஒப்படைக்க வேண்டும். எந்த வளைவில் எந்த மாதம் தண்ணீர் ஏறும் என்ற விவரம் அவற்றில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பாதையில் நடக்கும் வாசகர் ஒருவர்