பெஞ்சு அங்கேயே இருக்கட்டும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன், அத்தனை பேருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். என் மூட்டுவலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். தெருமுனையில் உன் சொந்தச் செலவில் ஒரு பெஞ்சு போட்டாய். "யாராவது விழுந்து கையை உடைத்துக்கொண்டால் உன் சொத்தையே எழுதி வாங்கிவிடுவார்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதிலிருந்து உனக்குத் தூக்கம் போய்விட்டது. எடுத்துவிடலாமா என்கிறாய். எடுக்காதே. ஆனால் அவர் சொன்னதை முழுக்க ஒதுக்கியும் விடாதே.

"நல்லெண்ணத்தில்தானே செய்தேன்" என்பது மட்டும் போதாது. நான் வேலை பார்த்த காலம் முழுக்க இழப்பீட்டுக் கோப்புகளோடுதான் இருந்தேன், உனக்கே தெரியும். உடைந்த நாற்காலிக் காலின் புகைப்படம், மருத்துவமனைச் சீட்டு, அக்கம்பக்கத்தாரின் வாக்குமூலம், இவ்வளவுதான் கோப்பில் இருக்கும். அந்த நாற்காலி யாருடையது என்பதில் பெரிய சண்டை வராது. அது ஆடுகிறது என்று யாருக்குத் தெரியும், தெரிந்தும் ஏன் விட்டுவைத்தார் என்பதில்தான் வழக்கே நிற்கும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறினாலும் பெரும்பாலான இடங்களில் கேள்வி சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும்: பொருள் யார் கட்டுப்பாட்டில் இருந்தது, அவர் நியாயமான கவனம் எடுத்தாரா?

இது இன்று நேற்று வந்த கவலையும் இல்லை. ஜனங்கள் நடக்கிற, நிற்கிற இடத்துக்கு மேலே, விழுந்தால் காயப்படுத்தக்கூடிய எதையும் கூரை விளிம்பில் வைத்திருக்கக் கூடாது என்று பழைய ரோமில் ஒரு விதி இருந்தது. மீறினால் 10 பொற்காசு அபராதம். யாருக்கும் காயம் பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இன்னொருவர் வைத்ததைப் பார்த்துக்கொண்டே அப்படியே இருக்கவிட்டவரும் வைத்தவராகவே கருதப்படுவார் என்று அந்தக் கால அறிஞர்கள் விளக்கம் எழுதினார்கள். நீ கேட்பதற்கான பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. நீ பெஞ்சைப் போட்டதை விட, போட்டுவிட்டு அதன் பக்கமே திரும்பாமல் இருப்பதுதான் உன்னை மாட்டிவிடும்.

பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும்தான் விழும் என்றும் நினைக்காதே. விடுதி ஒன்றின் இருட்டுப் படிக்கட்டில் ஒருவர் விழுந்து இறந்த வழக்கில், 1966இல் அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒரு கொள்கையை உறுதி செய்தது. இடத்தின் மீது போதுமான கட்டுப்பாடு இருக்கும் எவருக்கும் அங்கே வருபவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் கடமை உண்டு, ஒரே நேரத்தில் பலருக்கும் இருக்கலாம். அந்த வழக்கில் விடுதி நிறுவனம், அதை நடத்தியவர் இருவருக்குமே கடமை இருந்தது. கடமையை மீறியதாக நிரூபிக்க முடியாததால் இழப்பீடு கிடைக்கவில்லை என்பது வேறு கதை. உன் பெஞ்சு நிற்கும் நிலம் உள்ளாட்சியுடையது. அது அங்கே இருப்பது அவர்களுக்குத் தெரிந்து, அவர்களும் ஒப்புக்கொண்டால், சுமை உன்னிடம் மட்டும் இருக்காது.

அதனால் முதல் வேலை, அனுமதி கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடு. முடிந்தால் பெஞ்சையே அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒப்புகையை வாங்கிப் பத்திரமாக வை. அனுமதியில்லாமல் பொது வழியில் கிடக்கும் பொருளை இடையூறு என்று சொல்லிவிட முடியும். அப்படி ஆனால், பெஞ்சு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வாதத்தின் தொடக்கத்திலேயே நீ பின்தங்கிவிடுவாய். வைத்த இடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள். பார்வையில்லாதவர் கோலைத் தட்டிக்கொண்டு வரும் வழியில் நிற்கிறதா? சக்கர நாற்காலி தாராளமாகக் கடக்கிறதா?

பிரான்சில் உயிரற்ற பொருளுக்கும் அதைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் பொறுப்பு. ஆனால் அசையாமல் கிடக்கும் பொருளாக இருந்தால், அது இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது அல்லது பழுதாக இருந்தது என்று காயம்பட்டவர் காட்டியாக வேண்டும். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. நல்ல வெளிச்சத்தில், ஓரமாக, உறுதியாக நிற்கும் பெஞ்சில் ஒருவர் பராக்குப் பார்த்துக்கொண்டே மோதிக்கொண்டால், அதற்கு உன்னைக் குற்றம் சொல்வது கடினம். உளுத்த பலகை உடைந்து விழுந்தால் கதையே வேறு.

ஆகவே குனிந்து அடியில் பார். மரம் முதலில் மக்குவது உட்காரும் பலகையில் இல்லை, ஈரம் ஏறும் கால் நுனியில். ஒரு திருப்புளியை வைத்து அழுத்து, உள்ளே இறங்கினால் அந்தக் கால் போய்விட்டது என்று அர்த்தம். நட்டுகளைச் சுற்றித் துருக்கறை வழிந்திருக்கிறதா, ஆணித்தலை மேலே எழும்பியிருக்கிறதா, விளிம்பில் சிராய் நிற்கிறதா என்று பார். ஒரு முனையில் மட்டும் உட்கார்ந்தால் மறுமுனை தூக்குகிறது என்றால் தரையோடு போல்ட் போட்டுவிடு.

பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். அவற்றை உடனே எடுத்துவிடு. வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். விரலால் தேய்த்தால் வெள்ளையாகப் பொடி ஒட்டுகிறது என்றால் அதன் பலம் குறையத் தொடங்கிவிட்டது. முன்னறிவிப்பே இல்லாமல் கால் விரிந்து சட்டென்று முறியும். வீட்டு உபயோகத்துக்குச் செய்த நாற்காலிக்கும் பொது உபயோகத்துக்குச் செய்த நாற்காலிக்கும் வெவ்வேறு சோதனை உண்டு. வெளிப்புற இருக்கைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 581 இரண்டையும் தனித்தனியாகவே பிரித்திருக்கிறது.

"சொந்தப் பொறுப்பில் உட்காரவும்" என்று பலகை மாட்டலாமா என்றும் கேட்டிருந்தாய். அதை நம்பாதே. உடைந்த பெஞ்சில் அப்படி எழுதி மாட்டினால், உடைந்தது உனக்குத் தெரியும் என்று நீயே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். உடைந்தால் கயிறு கட்டி யாரும் உட்காராதபடி செய், அன்றைக்கே சரி செய் அல்லது எடு. அப்புறம் ஒரு சின்ன நோட்டில் எந்தத் தேதியில் பார்த்தாய், என்ன சரி செய்தாய் என்று குறித்து வை. கோப்பு திறக்கப்படும் நாளில் அந்த நோட்டு பெரிய துணை. வீட்டுக் காப்பீட்டில் மூன்றாம் நபருக்கான பொறுப்புப் பிரிவு, அதாவது வெளியாருக்குக் காயம் பட்டால் ஈடு செய்யும் பிரிவு இருக்கிறதா, அது உன் வாசலோடு நின்றுவிடுகிறதா என்றும் படித்துப் பார்.

இவ்வளவு சொல்லியும் எடுக்காதே என்கிறேன். நிற்காமல் நடக்க முடியாதவருக்கு வழியில் உட்கார ஓர் இடம் இல்லையென்றால் அவர் வீட்டைவிட்டே கிளம்ப மாட்டார். ஏரியின் ஆழமில்லாத நீரில் பாய்ந்து கழுத்தை முறித்துக்கொண்ட இளைஞர் இங்கிலாந்தின் காங்கிள்டன் நகர்மன்றத்தின் மீது போட்ட வழக்கில், 2003இல் பிரபுக்கள் சபை நகர்மன்றத்துக்குப் பொறுப்பில்லை என்றது. கண்ணுக்குத் தெரிந்த ஆபத்தில் சிலர் துணிந்து இறங்குவதற்காக எல்லோருக்கும் கரையை மூடுவது சரியல்ல என்பதும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. 2006இல் அங்கே ஒரு சட்டமே வந்தது: ஒரு முன்னெச்சரிக்கையைக் கட்டாயமாக்கினால் விரும்பத்தக்க செயலே நின்றுபோகுமா என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். பயத்தில் ஒவ்வொருவரும் தன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், யாரும் வழக்குப் போடமாட்டார்கள், வயதானவர்கள் வெளியே வரவும் மாட்டார்கள். அந்த நிலைமை எனக்கு விபத்தைவிடப் பெரிய கவலை.

பெஞ்சின் அடிப்பக்கத்தையும் நான்கு கால்களையும் படமெடுத்து அனுப்பு. உள்ளாட்சிக்கு எழுதும் கடிதத்தை நீ வரைவாக எழுதி அனுப்பினால் நான் திருத்தித் தருகிறேன். மகளுக்கு என் ஆசிகளைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்