கதவைச் சாத்திக்கொண்டு பேசும் பெரியவர்களுக்கு

குடும்பத்தின் மூத்தவர்களுக்கு,

வீட்டுக்குள் தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை ஒரு குழந்தை சொன்னதும், நீங்கள் முதலில் கதவைச் சாத்துகிறீர்கள். நெடுநேரம் பேசி, "வெளியே தெரிந்தால் குடும்ப மானம் போய்விடும்" என்று முடிக்கிறீர்கள். குற்றம் செய்தவர் இழக்க வேண்டிய மானத்தைக் காக்கும் பொறுப்பு குழந்தையின் தலையில் விழுகிறது.

"ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்றும் கேட்கிறீர்கள். எனக்கு ஆறாத கோபம் இந்தக் கேள்வியின் மீதுதான். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று பழக்கியது நீங்கள். மடியில் உட்காரக் கூச்சப்பட்ட பிள்ளையை "மாமாதானே, போ" என்று தள்ளிவிட்டதும் நீங்கள். உடலின் சில உறுப்புகளுக்கு நம் வீடுகளில் பெயரே கிடையாது. எங்கேயோ கேட்ட பெயரைச் சொன்னால் வாயில் அடி விழும். பிறகு எந்தச் சொல்லைக் கொண்டு அது சொல்லும்? "வயிறு வலிக்கிறது", "அவர் வந்தால் நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லியிருக்கும். அடம் என்று அதட்டியிருப்பீர்கள். ஆண் பிள்ளை என்றால் அந்த அதட்டல்கூட இல்லை, சிரிப்புதான்.

அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-இல் எழுதிய கட்டுரையில், இக்குழந்தைகள் காலங்கடந்து தயங்கிச் சொல்வதையும், சொன்னதைப் பின்னர் மறுப்பதையும் விளக்கினார். அம்மா அழுகிறாள், வீடு இரண்டாகிறது, சம்பாதித்துப் போடுபவரே குற்றம் செய்தவர்தான் என்று கண்டதும், "பொய் சொன்னேன்" என்று குழந்தை சொல்லிவிடும். அதைக் கேட்டு நீங்கள் நிம்மதியாகக் கலைந்து போகிறீர்கள். அது மறுபடி அவரோடு அதே வீட்டில் இருக்கிறது.

இது வீட்டு விவகாரம் அல்ல. பெற்றோரின் பராமரிப்பில் இருக்கும்போதும் குழந்தையைப் பாலியல் கொடுமையிலிருந்து காப்பது அரசின் கடமை என்கிறது, ஐ.நா. 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு.

உங்களிடம் கேட்பது இதுதான். குற்றம் செய்தவரையும் குழந்தையையும் எதிரெதிரே நிறுத்தி விசாரிக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வைக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தவறில்லை" என்று சொல்லுங்கள். அவர் நெருங்க முடியாதபடி பார்த்துக்கொண்டு, காவல்துறையிடமோ குழந்தைகள் நல அதிகாரிகளிடமோ செல்லுங்கள். அடுத்த விசேஷத்திற்கு அவரை அழைப்பதா என்ற பேச்சு வந்தால், உங்கள் முகத்தையே பார்த்தபடி அந்தப் பிள்ளை நிற்கும். "வேண்டாம்" என்று அதன் காதில் விழும்படி சொல்லுங்கள்.