படைத்தலைவர்களின் ஓவியங்களுக்கு விளக்கப்பலகை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

படைத்தலைவர் ஒருவரின் ஓவியத்தருகே நீங்கள் வைக்கும் விளக்கப்பலகையில் அவர் பிறந்த ஆண்டும், வென்ற போர்களும், தீட்டியவர் பெயரும் இருக்கின்றன. ஆனால், பார்ப்பவரை அண்ணாந்து நிற்கவைக்கும் அந்த மிடுக்கு எவ்வாறு உருவாக்கப்பட்டது என்பது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அதையும் எழுதுங்கள் என்று வேண்டிக்கொள்ளவே இம்மடல்.

1800 மே மாதத்தில் நெப்போலியன் ஆல்ப்ஸ் மலையைக் கடந்தது கோவேறு கழுதையின் மீது. ஜாக்-லூயி டேவிட் 1801 முதல் 1805 வரை அக்காட்சியை ஐந்து முறை தீட்டியபோதோ, முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரையில் அவரை அமர்த்தி, மேலங்கியைக் காற்றில் பறக்கவிட்டு, கீழே உள்ள பாறையில் அவர் பெயரோடு, அவருக்கு முன் ஆல்ப்ஸைக் கடந்த படைத்தலைவர்களான ஹன்னிபால், சார்லமேன் ஆகியோரின் பெயர்களையும் பொறித்தார். இதற்காக நெப்போலியன் ஓவியர் முன் அமரவே இல்லை. திமிறும் விலங்கை ஒரு கையால் அடக்கிக்கொண்டு, முகத்தில் சிறு பதற்றமும் இன்றி நம்மை நோக்குபவர் ஒரு நாட்டையும் அடக்கி ஆள வல்லவர் என்று நம் கண் தானாகவே தீர்மானித்துவிடுகிறது. கோவேறு கழுதையைப் பற்றிய ஒரு வரி பலகையில் இருந்தால், பார்ப்பவர் ஓவியத்தை மீண்டும் ஒருமுறை, இம்முறை கூர்ந்து, பார்ப்பார்.

டிஷியன் 1548இல் தீட்டிய, புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படமும் அப்படித்தான்: முந்தைய ஆண்டு ஜெர்மனியின் மியூல்பெர்க்கில் நடந்த போரில் பெற்ற வெற்றியைக் கொண்டாடும் அப்படத்தில் படைவீரரும் இல்லை, பிணங்களும் இல்லை, ஈட்டியேந்திய பேரரசர் மட்டுமே இருக்கிறார்.

என்னை நெகிழச் செய்வது, நெப்போலியனின் படைகளை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனைக் கோயா 1812இல் தீட்டத் தொடங்கிய உருவப்படம்; அது லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ளது. புதிய விருதுகள் வந்து சேர, கோயா அதே படத்தின் மார்பில் பதக்கங்களை மாற்றித் தீட்டினார். போரில் களைத்த கண்களோ அப்படியே இருக்கின்றன. உயர்ந்துகொண்டே போகும் பதவியையும் ஓய்ந்துபோன மனிதரையும் ஒரே படத்தில் காணும் வாய்ப்பை, பதக்கங்களின் பெயர்ப்பட்டியலோடு முடித்துவிடாதீர்கள்.

சென்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில், நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட ரஷ்யத் தளபதிகளுக்காக 1826இல் திறக்கப்பட்ட கூடத்தில் ஜார்ஜ் டாவும் உதவியாளர்களும் தீட்டிய 332 படங்கள் உள்ளன. அவற்றினிடையே 13 சட்டங்களில் முகமே இல்லை. பச்சைத் துணியும் பெயரும் மட்டும். முகம் இல்லாதபோதும், அந்தச் சுவரில் இடம்பெறும் தகுதியைப் பதவிதான் தந்தது என்பதற்கு அவையே சான்று. அவற்றின் முன்னும் மக்கள் நின்று பார்க்கும்படி இரண்டு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓவியங்களை நேசிக்கும் ஒரு பார்வையாளர்