மூட்டையின்ர நிறம் பிழை, பிள்ளை

அன்பு மகளுக்கு,

உங்கட படத்தில இருந்து நீ அனுப்பின மூண்டு நிமிசத் துண்டைத் தம்பியின்ர போனில பாத்தன். கடைசிச் சண்டை நேரம் நாங்கள் கிடந்த கடற்கரை, மாத்தளன் எண்டு நீங்கள் போட்ட செற்றில பங்கர் வாசல் மூட்டையெல்லாம் ஒரே சாக்கு நிறம். பிள்ளை, அது ஆமியின்ர சென்ரி, காவலரண். சனத்தின்ர பங்கர் அப்பிடி இருக்கேல்லை.

மாத்தளனுக்கு வரேக்க உரப்பை எங்களிட்ட மிஞ்சேல்லை. சீலையைத்தான் வெட்டித் தைச்சது. ஒரு சீலையில ஏழெட்டுப் பை வரும். நூல் சீலை ஈரம் பட்டு இத்துப்போகும். நைலெக்ஸ் சீலைதான் மண்ணைத் தாங்கும். சிவப்பு, பச்சை, பூப்போட்டது, ஜரிகை வைச்சது எண்டு, தூரத்தில நிண்டு பாத்தால் கோயில் திருவிழாக் கடை மாதிரி இருக்கும். பக்கத்துப் பங்கர்ச் சனமெல்லாம் சீலையோட என்னட்டை வரிசையில நிண்டது. நூல் முடிஞ்சாப்பிறகு வலை நூலால கையால தைச்சம். தோண்டுறதும் அங்க லேசில்லை. நாலடிக்குக் கீழ தண்ணி ஊறும், கரை சரியும். விசுவமடு மண் மாதிரி நிண்டு பிடிக்காது. அதுக்குத்தான் அவ்வளவு மூட்டை.

இன்னொண்டு. உங்கட குடும்பம் முதல் காட்சியிலயே வெறுங்கையோட ஓடுது. நாங்கள் 2008 கடைசியில தருமபுரத்தால வெளிக்கிடேக்க லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில கூரைத் தகரம், கதவு நிலை, ஆறு கோழி, தையல் மெசின் எல்லாம் ஏத்தினனாங்கள். கதவு விசுவமடுவோட போச்சு. தகரமும் மெசின் மேசையும் உடையார்கட்டில. 2009 ஜனவரி 21 அந்தப் பக்கத்தைத்தான் பாதுகாப்பு வலயம் எண்டு அறிவிச்சவை. அங்கையும் செல் விழுந்தது. கடைசியா வட்டுவாகல் பாலத்தால ஆமிப் பக்கம் வரேக்க என்ர கையில நீயும் ஒரு வெறும் தண்ணிப் போத்திலும். டிரெக்டரிட்டைச் சொல்லு, ஒவ்வொரு ஊரிலயும் அந்தப் பொம்பிளையின்ர கையில இருந்து ஒண்டு குறையட்டும். குண்டு கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்லை.

சத்தமும் சரியில்லை. நாள் முழுக்க மேல வண்டு, அதான் ஆளில்லாத வேவு விமானம், இரையும், அதைக் காணேல்லை. செல் சும்மா வந்து விழாது, முதல் அங்கால குத்திற சத்தம் கேக்கும். அதோட எண்ணத் தொடங்குவம். நீ இருபது வரைக்கும் எண்ணப் பழகினது அப்பிடித்தான், நேசறியில இல்லை. கஞ்சிக்குள்ள தேங்காய்ப்பால் விட்டது ஆற்ற யோசனை? அரிசி, தண்ணி, உப்பு. அவ்வளவுதான்.

தையல் மெசின் காட்சி வைக்கலாமோ எண்டு கேட்டனீ. வை. எங்கட மெசின் தலையை அப்பாதான் பொலித்தீன் சுத்தி வலைஞர்மடத்தில தாட்டவர். அடையாளத்துக்கு ஒரு தலையில்லாத தென்னை. மீளக்குடியேறினாப் பிறகு நான் தனியப் போய்ப் பாத்தன். தலையில்லாத தென்னை ஒண்டா ரெண்டா, கரை முழுக்க நிக்குது. ரெண்டு இடத்தில கிண்டிப்போட்டுத் திரும்பிட்டன்.

மெசின் வாடகைக்கு எடுக்கிறவையிட்டைச் சொல்லு, கைச்சில்லு பூட்டினதாப் பாத்து எடுக்கச் சொல்லி. கால் மெசின் வேண்டாம். பங்கருக்குள்ள கால் நீட்ட இடமில்லை.

அம்மா