சளியே வராதவரிடம் சளியை மட்டும் கேட்காதீர்கள்

காசநோய்த் திட்டத்தை நடத்தும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எச்ஐவியுடன் வாழ்கிறவர்களுக்குக் காசநோய் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2023-இல் மட்டும் அவர்களில் ஏறத்தாழ 1,61,000 பேர் காசநோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்கும் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். நான் கேட்க வந்தது ஒன்றுதான்: மருந்து வேலை செய்கிறதா என்பதைச் சளிப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

எங்கள் ஆதரவுக் குழுவில் ஒரு பெண்ணுக்குக் கழுத்து நெறிகட்டியில் காசநோய். சிகிச்சையின் இரண்டாம் மாத முடிவில் கையில் சளி டப்பாவைக் கொடுத்து வெளியே அனுப்பினார்கள். அவருக்கு இருமலே கிடையாது. சுவரோரம் நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்கக் காறிக் காறிப் பார்த்தார். வந்தது எச்சில்தான். அதையே வாங்கிச் சோதித்து, அட்டையில் 'நெகட்டிவ்' என்று எழுதி, "மருந்து நல்லா வேலை செய்யுது, போங்க" என்றார்கள். சளிச் சோதனையில் தொடக்கத்திலேயே நெகட்டிவாக இருந்தவர் அவர். அன்று கட்டி முன்னைவிடப் பெரிதாக இருந்தது. ராத்திரியானால் காய்ச்சல் வேறு. அந்தக் கழுத்தை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

நுண்ணோக்கியில் கிருமி கண்ணில் பட ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களின் நுரையீரலில் குழி விழுவது குறைவு, சளியில் வரும் கிருமியும் குறைவு. பலருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியிலேயே இருக்கிறது. முதலிலேயே நெகட்டிவாக இருந்தவருக்கு இரண்டாம் மாத நெகட்டிவ் என்னத்தைச் சொல்லும்? சரி, கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை எடுக்கலாம் என்றால், அது செத்த கிருமியின் டிஎன்ஏவையும் பிடித்துவிடும். குணமாகி வருகிறவருக்கும் பாசிட்டிவ் காட்டலாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை நம்பகமானது, ஆனால் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகும்.

எச்ஐவிக்கான கூட்டு மருந்துச் சிகிச்சையான ஏஆர்டி தொடங்கிய சில வாரங்களில் எதிர்ப்புச் சக்தி மீளும்போது கட்டி வீங்குவதும் காய்ச்சல் திரும்புவதும் உண்டு. ஐரிஸ் என்று உங்கள் வழிகாட்டிகளிலேயே இருக்கிறது. அதே அறிகுறிகள் மருந்துக்கு அடங்காத காசநோயாலும் வரலாம். எது என்று கண்டுபிடிக்க மருத்துவர் ஆளை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். எங்கள் குழுப் பெண்ணிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால், ஏஆர்டி மாத்திரைதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று தானாகவே நிறுத்திவிட்டார். எங்களுக்குத் தெரிந்தபோது உடம்பு பாதியாகியிருந்தது.

எடையையாவது பார்த்தார்களா? முதல் நாள் எழுதிய எடையே அட்டை முழுக்க இருந்தது. மாத்திரை எத்தனை என்பதே எடையைப் பொறுத்ததுதானே? அப்புறம், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு எச்ஐவி மருந்தான டொலுடெக்ராவிரை 50 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை தர வேண்டும். காசநோய்ப் பிரிவின் அட்டையை ஏஆர்டி பிரிவும், அங்குள்ள கோப்பை இவர்களும் பார்க்காமல் இதை யார் கவனிப்பது? இரண்டு நோயும் ஒரே உடம்பில் இருக்கிறது. வரிசையும் அட்டையும் மட்டும் இரண்டிரண்டு. ராபர்ட் கோக் 1882-இல் நுண்ணோக்கியில் பார்த்த கிருமியைத்தான் இன்றும் அதே நுண்ணோக்கியில் தேடுகிறோம். அதில் தெரியாதவர்களின் கணக்கை யார் வைத்திருக்கிறார்கள்? எத்தனை பேர் 'சிகிச்சை முடித்தார்' என்ற கட்டத்துக்குள் போய்விட்டார்கள்?

கோபம் வார்த்தையில் வந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து, மாதாமாதம் எடை, காய்ச்சல், கட்டியின் அளவு, விட்டுப்போன மாத்திரை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி இரண்டு பிரிவும் பார்க்கச் செய்யுங்கள். உடம்பு தேறாதவருக்குச் சளி நெகட்டிவாக இருந்தாலும் கல்ச்சரும் மருந்து எதிர்ப்புச் சோதனையும் கிடைக்க வழி செய்யுங்கள். ஏஆர்டி தொடங்கும் அன்றே ஐரிஸ் பற்றிச் சொல்லிவிடுங்கள். சளிப் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதி வேலை தொடங்கிவிடும். அதை எப்போது எதிர்பார்க்கலாம் என்று எங்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஆதரவுக் குழு ஒன்றின் பணியாளர்